மூக்கக்காவின் ஒன்பது மாதங்கள்

அவளை எல்லோரும் மூக்கக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பள்ளிக்கூடத்து அடுக்களையில் வந்த பெயர் அது. நானூறு பிள்ளைகளுக்கு அங்கே மதியச் சாப்பாடு சமைத்துக்கொண்டிருந்தாள். ஒருநாள், புதிதாக வந்த டின்னிலிருந்து எண்ணெய் எடுத்துத் தாளித்த பருப்பில் அவளுக்கு என்னவோ வாடை தட்டியது. கூட இருந்தவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. தலைமையாசிரியரே வந்து முகர்ந்து பார்த்துவிட்டு, "நல்லாத்தானேம்மா இருக்கு. பிள்ளைங்க தட்டோட உட்கார்ந்துட்டாங்க" என்றார். அவள் பருப்பை அண்டாவோடு சாக்கடையில் கவிழ்த்தாள். பிள்ளைகள் அன்று பிஸ்கட்டும் பழமும் தின்றார்கள். மூன்று வாரம் அவளோடு யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதன் பிறகுதான், அந்த எண்ணெயை அனுப்பியிருந்த பரிசோதனைக்கூடத்திலிருந்து தாள் வந்தது. அந்த டின்னில் முன்பு பூச்சிமருந்து இருந்திருக்கிறது.

அந்தப் பேர்தான் அவளை மருத்துவமனைக்குத் தலைமைச் சமையல்காரியாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது. பதினாறு வருடம். வண்டியிலிருந்து இறங்கும் பாலும் கறியும் மீனும் அவள் மூக்கைத் தாண்டித்தான் உள்ளே போகும். அவள் தலையாட்டிவிட்டால் அங்கே வேறு யாரும் வாய் திறப்பதில்லை.

பிறகு ஒரு காய்ச்சல் வந்தது. பத்து நாளில் விட்டது. விடும்போது மோப்பத்தையும் ருசியையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டது.

வேலைக்குத் திரும்பிய அன்றே அவளுக்கு அது உறைத்தது. பால் அடுப்புக்கு முன்னால் அவள்தான் நின்றுகொண்டிருந்தாள். காய் நறுக்குகிறவர் அறையின் அந்தக் கோடியிலிருந்து, "அக்கா, பால் அடிப்பிடிக்குதே" என்றார். குனிந்து பார்த்தாள். பாத்திரத்தின் அடி கறுத்திருந்தது. அவளுக்கு ஒரு வாடையும் வரவில்லை.

"யோசனையில இருந்துட்டேன் தம்பி" என்று சமாளித்தாள்.

நாளைக்குத் திரும்பிவிடும், அடுத்த வாரம் திரும்பிவிடும் என்றிருந்தாள். திரும்பவில்லை. உப்பைக் கண்ணளவில் போடுவதை விட்டுவிட்டுக் கரண்டிக் கணக்கில் போட்டாள். வாயில் புண் என்று சொல்லி, காய் நறுக்குகிறவரின் உள்ளங்கையில் குழம்பை ஊற்றி நக்கிப் பார்க்கச் சொன்னாள். அவர் மாதக்கணக்கில் நக்கிப் பார்த்தார். "என்னக்கா, உங்க வாய்ப்புண்ணுக்கு வயசாகிப்போச்சு" என்று ஒருநாள் சிரித்தார். அவளும் சிரித்தாள். வண்டி வந்தால் மட்டும் பழையபடி கறியை முகத்துக்கருகே கொண்டுபோய், நிறத்தைப் பார்த்து, விரலால் அழுத்திப் பார்த்து, தலையாட்டினாள்.

வீட்டில் மகளிடம் மறைக்க முடியவில்லை. இரண்டு நாள் உப்புக் கரித்த சோற்றைத் தின்றவள், மூன்றாம் நாள் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"அங்க சொல்லிட்டியாம்மா?"

"எதை?"

"நடிக்காதே. சொல்லிட்டியா?"

"சொன்னா, மூக்கக்காவுக்கு மூக்கு போச்சுன்னு ஊரே சிரிக்கும்."

"சிரிச்சுட்டுப் போகட்டும். ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா?"

ஏதாவது ஒன்று ஆகும் என்று அவளுக்கும் தோன்றிக்கொண்டே இருந்தது. பாத்திரம் விழும் சத்தத்துக்குக்கூடத் தூக்கிவாரிப் போட்டது. ஐந்தாவது மாதம் ஆண்கள் வார்டில் ஏழு பேருக்கு வாந்தி பேதி கண்டது. தண்ணீர்தான் காரணமென்று சொல்லித் தொட்டியைக் கழுவினார்கள். ஆறு பேர் இரண்டு நாளில் எழுந்து உட்கார்ந்தார்கள். ஏழாவது ஆள் ஒரு பெரியவர். அவரை மாடிக்கு, தீவிர சிகிச்சைக்குக் கொண்டுபோனார்கள் என்ற அளவில் சேதி அடுக்களைக்கு வந்து நின்றுவிட்டது. அவளும் மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

ஒன்பதாவது மாதம் ஒரு மழைக்காலக் காலை. காய் நறுக்குகிறவர் மச்சான் வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்தார். ஐந்தரை மணிக்கு அவள் தனியாக உள்ளே வந்தாள். மருத்துவமனை என்பதால் அங்கே விளக்கை அணைக்கும் வழக்கமில்லை. சாரலுக்காக ஜன்னல்களை யாரோ இறுக்கிச் சாத்தியிருந்தார்கள். ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, கஞ்சிக்கு உலை வைத்து, லைட்டரைக் கையில் எடுத்தாள்.

"அம்மா."

வாசலில் ஒரு ஆள், பிளாஸ்க்கோடு. மேலே குழந்தைகள் வார்டில் இருக்கும் பிள்ளையின் தகப்பன். வெந்நீருக்கு வந்திருக்கிறார். ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தார்.

"என்னம்மா, கேஸ் இப்படி நெடி அடிக்குது? உள்ள எப்படி நிக்குறீங்க?"

கட்டைவிரல் லைட்டரின் மேல் இருந்தது. விரலை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் அதைக் கீழே வைக்க முடிந்தது. சிலிண்டர் அறைக்குப் போய் வால்வை மூடினாள். ஜன்னல்களைத் திறந்தாள். பிறகு வராந்தாவில் அந்த ஆளுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"இப்ப வருதா?"

"வருதும்மா."

கொஞ்ச நேரம் கழித்து, "இப்ப?"

அவர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "உங்களுக்குத் தெரியலையா?"

"தெரியலைப்பா. நீ சொல்லு. இப்ப வருதா?"

மேலே ஏதோ ஒரு குழந்தை அழுதது. பெரிய அடுப்புக்குப் பின்னாலிருந்த ரப்பர் குழாய் வெடிப்பு விட்டிருந்ததை, விடிந்து ஆட்கள் வந்தபின் கண்டுபிடித்தார்கள்.

யாரும் கேட்பதற்கு முன்னால் அவளே கண்காணிப்பாளரின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். "எத்தனை நாளா?" என்று கேட்டார். "ஒம்பது மாசம் சார்." அவர் வேலைப் பட்டியலை எடுத்து அவள் பெயரை அடித்தார். அன்றோடு அடுப்புப் பக்கம் போகக் கூடாது, வார்டுகளுக்குத் தட்டு கொண்டுபோனால் போதும் என்றார்.

கல்யாணத்திலிருந்து திரும்பிய காய் நறுக்குகிறவரைச் சமையலுக்கு வைத்தார்கள். அவளுக்குக் கரண்டியைக் கைமாற்றுவது அத்தனை கஷ்டமாக இல்லை. வேறொன்றுதான் அரித்துக்கொண்டிருந்தது.

"தம்பி, அந்த ஆண்கள் வார்டுல வாந்தி வந்துச்சே, முந்தின நாள் கோழி சூப்தானே?"

அவர் வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஆமாக்கா."

"கறி எப்படி இருந்துச்சு?"

"லேசா ஒரு மாதிரி இருந்துச்சு. எனக்குச் சந்தேகம்தான்."

"ஏன்ப்பா சொல்லல?"

"நீங்க முகர்ந்து பார்த்துத் தலையாட்டிட்டீங்க. உங்க மூக்குக்கு மேல நான் என்னக்கா சொல்றது?"

அன்று மதியம் தட்டுகளை இறக்கி வைத்துவிட்டுப் பதிவேட்டு அறைக்குப் போனாள். மாதத்தையும் வார்டையும் சொல்லி, மாடிக்குக் கொண்டுபோன அந்தப் பெரியவரைப் பற்றிக் கேட்டாள்.

"அவர் உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார் எழுத்தர்.

"உறவு ஒண்ணும் இல்லை. அவருக்குச் சமைச்சுப் போட்டவ நான்."

எழுத்தர் பக்கங்களைப் புரட்டினார். ஓரிடத்தில் விரல் நின்றது.

"நாலாம் நாள் தவறிட்டாரே. நுரையீரல்ல நீர்னு போட்டிருக்கு."

"வயிறுன்னு எதுவும் போடலையா?"

"இல்லையே. ஏன் கேக்குறீங்க?"

வயிறு என்று போடாமலிருந்தால் ஆறுதலாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். இல்லை. ஒரு வெள்ளைத் தாள் கேட்டு வாங்கி, கண்காணிப்பாளருக்கு எழுத உட்கார்ந்து, கோழிக்கறி வந்த தேதியை முதலில் எழுதினாள்.