கல்லு விழுந்த வீட்டுக்கு வந்த பிரசங்கியார்

அந்த மனுஷனை நான் முதல்ல மனசாரத் திட்டினேன். அதை மறைச்சிட்டு அவுக செஞ்ச நல்லதை மட்டும் சொன்னா கதை நொண்டும். ஸ்ரீவைகுண்டத்துக்கு ரயில் வாரதுக்கு முந்தின காலம். பேய், பில்லி, சூனியமெல்லாம் பொய்யின்னு ஊர் ஊராப் போயி பிரசங்கம் பண்ணுதவுக அவுக. பாளையங்கோட்டைப் பக்கம் சயின்ஸ் வாத்தியாரா இருந்து ஓய்ஞ்சவுகன்னு சொன்னாக. ஒல்லி உடம்பு, கறுப்புக் கோட்டு, தலைப்பாகை. குரல் மட்டும் கணீர்னு கோயில் மணி.

நான் சாத்தான்குளத்துப் பொண்ணு. ஸ்ரீவைகுண்டத்துல வாக்கப்பட்டு வந்து கழுத்து மஞ்சள் காயலை, எங்க வீட்டு ஓட்டு மேல கல்லு விழ ஆரம்பிச்சுது. விளக்கு வைக்கிற நேரம் பாத்து டொம்முன்னு ஒரு கல்லு. சில நாள் ரெண்டு விழும், சில நாள் ஒண்ணும் விழாது. ஓடு உடையும், இல்லைன்னா உருண்டு வந்து முற்றத்துல விழும். தெருவுல ஓடிப் பாத்தா ஒரு குஞ்சு குருமான் இருக்காது. ஊரு வாய்க்குக் கேக்கணுமா? "ஊரு பேரே சாத்தான்குளம். அங்கன பொண்ணெடுத்தா சீதனத்தோட குட்டிச்சாத்தானும் வராம என்ன செய்யும்?"னு படித்துறையில பேசிக்கிட்டாக. என் காதுல விழணும்னே பேசினாக.

எங்க அத்தைக்கு, அதான் மாமியாருக்கு, வாய்தான் அரிவாள். மனசு அப்படியில்லை. கோடாங்கியைக் கூப்பிட்டு எனக்கு வேப்பிலை அடிச்சாக, திருநீறு பூசிவிட்டாக. "பாவம், சின்னப்புள்ள. அது மேல வந்து இறங்கினதுக்கு அது என்ன செய்யும்?"னு பக்கத்து வீட்டுக்காரிகிட்ட எனக்காகப் பேசினதும் உண்டு. எங்க வீட்டுக்காரவுகளுக்கு அப்பவும் வாயில கொழுக்கட்டைதான். நல்ல மனுஷன், ஆனா அம்மா முன்னால நின்னா தூணுக்கும் அவுகளுக்கும் வித்தியாசம் தெரியாது.

நான் பயந்தது கல்லுக்கில்லை. பிறந்த வீட்டுக்குத் திருப்பி அனுப்பிருவாகளோன்னுதான் பயந்தேன். எனக்குக் கீழ ரெண்டு தங்கச்சிமாரு. நான் வாழாவெட்டியாப் போயி வாசல்ல உக்காந்தா அதுகளை எவன் கட்டுவான்?

இப்படி இருக்கையிலதான் தமுக்கடிச்சாக, பள்ளிக்கூடத்து மண்டபத்துல பிரசங்கம்னு. ஊரே திரண்டுபோச்சு. ஆம்பளைக முன்னால, நாங்க பின்னால ஓலைத்தட்டி மறைவுல. முதல் நாள் அவுக ஒரு எலுமிச்சம்பழத்தை அறுத்தாக, ரத்தமாக் கொட்டுச்சு. ஆம்பளைக வாயைப் பிளந்துட்டாக. கத்தியில செம்பருத்திப் பூவைத் தேச்சு வச்சிருக்காக, கோடாங்கி செய்யுத வித்தையும் இவ்வளவுதான்னு அவுகளே சொன்னாக. சரி, நல்லாத்தான் இருந்துது. அடுத்தாப்ல ஒரு செம்புல மஞ்சத்தண்ணியை எடுத்து, "இதோ பாருங்கள், மந்திரமே இல்லாமல் இதை ரத்தமாக்குகிறேன்"னு சுண்ணாம்பைப் போட்டுக் கலக்கினாக பாருங்க! தட்டிக்கு இந்தப் பக்கம் அத்தனை பேரும் கொல்லுன்னு சிரிச்சிட்டோம். அட, ஆரத்தி! கல்யாணம், காதுகுத்து, பிள்ளைப்பேறுன்னு ஆரத்தி கரைச்சுக் கரைச்சே கை சிவந்த பொம்பளைகளுக்கு இதைப் போயி வித்தைன்னு காட்டுதாக. "நாளைக்குச் சோறு வடிக்கச் சொல்லிக் கொடுப்பாகளோ என்னமோ"ன்னு ஒரு மதினி சொல்ல, எங்க அத்தைக்கே சிரிப்பு அடங்கலை. மேடையில நின்ன அவுக பாவம், எதுக்குச் சிரிக்கோம்னு தெரியாம முழிச்சாக.

மறுநாள்தான் எனக்கு வினை வந்துது. அன்னைக்கு விஷயமே கல்லெறி. "கல் விழுகிற வீடு பல பார்த்துவிட்டேன். எறிந்தது பேயுமில்லை, பிசாசுமில்லை. கடைசியில் பிடிபட்ட கை எல்லாம் அந்தந்த வீட்டுப் பெண்ணின் கைதான். பெரும்பாலும் புதிதாக வந்த மருமகள். தாய்வீட்டு ஏக்கம், மாமியார் மேல் கோபம், வேறொன்றுமில்லை"ன்னு அந்தக் கணீர்க் குரல்ல சொல்லிட்டு ஒரு மடக்குத் தண்ணி குடிச்சாக.

மண்டபமே தட்டிப் பக்கம் திரும்பிச்சு. அத்தை என்னைப் பாத்த பார்வை இன்னும் மறக்கலை. பைய, பக்கத்துல இருக்கவளுக்குக்கூடக் கேக்காம சொன்னாக: "பேய் பிடிச்ச புள்ளைன்னா வேப்பிலை அடிச்சுப் பாக்கலாம். குடியிருக்குத வீட்டு மேல வேணும்னே கல்லெறியுதவளை என்னளா செய்ய? உங்க அய்யாவை வரச்சொல்லி ஆளனுப்புதேன்."

நேத்து வரைக்கும் நான் பாவப்பட்டவ. ஒரே பிரசங்கத்துல திருட்டுக் கழுதை ஆயிட்டேன். கட்டையில போவான், இவன் பேயை ஓட்ட வந்தானா என்னை ஓட்ட வந்தானான்னு மனசுக்குள்ள வைதேன். இப்ப அதுக்குக் கன்னத்துல போட்டுக்கிடுதேன்.

ஆனா அன்னைக்கு ஆத்திரம் கண்ணை மறைச்சுது. ஜனங்க எந்திரிக்கையில தட்டியை விலக்கிட்டு வெளிய வந்து நின்னுட்டேன். "அய்யா, இந்த ஊர்ல கல்லு விழுத வீடு எங்க வீடு. அந்த மருமக நான்தான். நான் எறிஞ்சதை நீங்க பாத்தீகளா? பாக்காம சொல்லலாமா? விளக்கு வைக்கிற நேரம் எங்க வீட்டுக்கு வந்து என் கையைப் பாருங்க, பிறகு பேசுங்க"ன்னேன். அத்தை என் சீலையைப் பிடிச்சு இழுத்தாக. அவுக தலைப்பாகையைச் சரிபண்ணிக்கிட்டு, "நியாயம்தான் அம்மா. நாளைக்கு வருகிறேன்"னாக.

சொன்னபடி வந்தாக. கூட வந்த ஆளுகளைத் தெருவுலயும் புறவாசல்லயும் காவலுக்கு நிறுத்தினாக. முற்றத்துல ஒரு நாற்காலி போட்டு உக்காந்து, என்னை எதுத்தாப்ல உக்காரவச்சு, ரெண்டு கையும் ஓயாத வேலையாச் செய்யச் சொன்னாக. நான் முறத்தை எடுத்து அரிசி புடைச்சேன். அத்தை வாசல் நிலையில சாஞ்சு நின்னாக. எங்க வீட்டுக்காரவுக வழக்கம்போலத் தூணோட தூண்.

விளக்கு வச்சாச்சு. கல்லு விழலை. அரிசியில ஒரு உமி மிச்சமில்லை, நான் புடைச்சுக்கிட்டே இருக்கேன். கல்லு விழலை. தெருவுல நிக்குதவுக சிரிக்குத சத்தம் கேக்கு. "கையைக் கட்டிப்போட்டதும் குட்டிச்சாத்தான் படுத்துட்டான் வே!"ங்கான் ஒருத்தன். உலகத்துல எவளாவது தன் வீட்டு மேல கல்லு விழணும்னு சாமி கும்பிட்டிருப்பாளா? நான் கும்பிட்டேன். பெருமாளே, இத்தனை நாள் விழாத விழாதன்னு அழுதேன்லா, அதை மறந்துரு, இன்னைக்கு ஒரு கல்லு போடுன்னு கெஞ்சினேன்.

பிரசங்கியார் எந்திரிச்சிட்டாக. அத்தை கொடுத்த மோரை வாங்கி வாயில வைக்கையில விழுந்துது ஒண்ணு! ஓட்டை உடைச்சுக்கிட்டு உருண்டு வந்து அவுக காலடியில வந்து நின்னுது. மோர்ச்செம்பு கைநழுவிப் போச்சு. முறம் என் ரெண்டு கையிலயும் அப்படியே இருக்கு. எனக்குச் சிரிப்பு வந்துட்டுது, அடக்க முடியலை, கோட்டிக்காரி மாதிரி சிரிக்கேன், கண்ணுல தண்ணி வழியுது. அந்தச் சிரிப்பு ஓயுததுக்குள்ள இன்னொண்ணு விழுந்துது. வாசல்லயும் புறவாசல்லயும் நின்னவுக ஓடி வந்து, ஒரு ஆளையும் காணலைன்னு சத்தியம் பண்ணுதாக. பிரசங்கியார் கல்லைக் கையில எடுத்து உருட்டி உருட்டிப் பாத்தாக, ஓட்டைப் பாத்தாக, என்னைப் பாத்தாக. அப்படியே தெருவுல இறங்கிப் போயிட்டாக.

எனக்குத் திரும்பவும் பயம் பிடிச்சுது. இவ்வளவு பேரெடுத்த மனுஷன், ஊர்ல தன் வார்த்தையைத் தானே முறிப்பாகளா? விடியக்காலமே ஊரைவிட்டுப் போயிருவாகன்னுதான் நெனச்சேன்.

போகலை. மறுநாள் கடைசிப் பிரசங்கம். முன்ன ரெண்டு பிரசங்கத்தையும்விடக் கூட்டம். மேடையில ஏறினதும் எலுமிச்சம்பழம், கத்தி, செம்பு ஒண்ணையும் தொடலை. "இந்த இடத்தில் நின்று ஒரு வீட்டுப் பெண்ணைக் குறித்துத் தப்பாகச் சொல்லிவிட்டேன். நேற்று அந்த வீட்டில் உட்கார்ந்தேன். அந்தப் பெண்ணின் இரண்டு கையும் என் கண் முன்னால் முறத்தில் இருந்தபோது கல் விழுந்தது. அவள் எறியவில்லை. நான் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்"னாக.

"அப்போ குட்டிச்சாத்தான்தான்னு ஒத்துக்கிடும் வே!"ன்னு ஒரு சத்தம். சிரிப்பு. சீட்டி.

"அதுவும் எனக்குத் தெரியாது அண்ணாச்சி. தெரியாததுக்கு ஒரு பேர் வைத்துவிட்டால் தெரிந்ததாகிவிடுமா? எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அந்தப் பிள்ளை எறியவில்லை."

அவ்வளவுதான், அதுக்குமேல பேச விடலை. கூச்சல் போட்டே இறக்கிட்டாக. கோட்டை உதறிப் போட்டுக்கிட்டு, அந்தக் கூச்சலுக்குள்ளயே பைய நடந்து போனாக. பிறகு எங்க பக்கம் அவுகளைப் பிரசங்கத்துக்கு யாரும் கூப்பிடலைன்னு கேள்வி. கல்லு அதுக்கப்புறமும் கொஞ்ச நாள் விழுந்துது, பிறகு தானா நின்னுபோச்சு. எறிஞ்சது எவன், எதுன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. எல்லாம் தெரிஞ்ச மனுஷன் ஒருத்தர், முன்னப்பின்ன அறியாத ஒரு புள்ளைக்காக நாலு பேர் முன்னால தெரியாதுன்னு சொன்னாகளே, அவுக குடும்பம் ஆல்போல் தழைக்கட்டும். நேர்ல ஒரு கும்பிடு போடக்கூட எனக்குக் கொடுத்துவைக்கலை.

அன்னைக்கு மண்டபத்தை விட்டு வெளிய வாரோம். தெருக்காரி ஒருத்தி விடாம கூடவே வந்தா. "எக்கா, இவ எறியலை, சரி. அந்த வாத்தியாருக்கே தெரியலைன்னா, இவகூட வந்த குட்டிச்சாத்தான்தானே எறிஞ்சிருக்கணும்? யோசிச்சுக்கோங்க. இவுக அய்யாவுக்கு ஆளனுப்பிற வேண்டியதுதானே?"ன்னா. அத்தை நின்னாக. என் மணிக்கட்டை இறுக்கிப் பிடிச்சாக.

"கூட வந்தா வந்துட்டுப் போகுது. எங்க வீட்டுப் புள்ளகூட வந்தது, அதுவும் எங்க வீட்லயே இருந்துட்டுப் போகட்டும். ஒரு ஆளுக்குக் கூடுதலா உலை வைக்க எங்களுக்கு வக்கில்லையா? நீ உன் சோலியைப் பாரு."

நடுத்தெருன்னும் பாக்காம நான் அவுக தோள்ல சாஞ்சு அழுதேன்.