ஸ்டெல்லா அக்காவின் ஒத்திகைகள்

செய்தி வந்தபோது நான் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் பக்கத்தில் சிக்னல் தேடி, போனைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றேன். பதுளை ஆஸ்பத்திரியிலிருந்து அக்காவின் கணவர் பேசினார். "ஸ்டெல்லா போயிட்டாம்மா." காய்ச்சல் என்று போனவர். நான் அழத் தொடங்குவதற்குள் இரண்டாவது செய்தி நடந்தே வந்து சேர்ந்தது. மேல் லயத்து வீட்டுப் பையன் ஒருவன் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "தோட்டத்து மயானத்துல வைக்க விடமாட்டாங்களாம். ஜெப சபைக்காரங்களுக்கு அங்க எடமில்லன்னு சொல்லச் சொன்னாங்க."

முதல் செய்தியில் வராத பயம் இரண்டாவதில் வந்தது. அவரை எங்கே கொண்டுபோய் வைப்போம்? எங்கள் யாருக்கும் ஒரு முழம் நிலம்கூடச் சொந்தம் இல்லை.

அவரை நினைத்து இங்கே கூடியிருக்கிற உங்களுக்கு அறிமுகம் தேவையில்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்து தூங்குகிறவர்களுக்காக மட்டும் சொல்கிறேன். ஸ்டெல்லா அக்கா எல்ல என்ற ஊரில் வெள்ளைக்காரர்கள் தங்கும் விடுதியில் படுக்கை விரிப்புத் துவைத்தார். எல்லயில் வேலை, அன்புக்கு எல்லையில்லை என்று நான் அவரைப் பார்த்து ஒருமுறை மேடைப் பேச்சுப் பேசியபோது, "சோப்புப் போடாதடி, எனக்கு வேலையே அதுதான்" என்றார். என்னை அப்படி மடக்கியவர் அவர் ஒருவர்தான்.

நமுனுகுலப் பக்கம் எங்கள் தோட்டத்துக்கு அவர் கலியாணம் முடித்து வந்தவர். அதற்கு முன் மொனராகலைப் பக்கம் இருந்தார். அங்கே ஜெபம் நடந்த வீட்டுக்குள் ஒரு கூட்டம் புகுந்ததை அவர் பார்த்திருக்கிறார். அதனால் இங்கே எங்கள் ஜெப வீட்டுக் கதவில் "பாட்டை நிறுத்து" என்று யாரோ கரியால் எழுதிவிட்டுப் போன வாரம், மற்றவர்கள் அதைத் துடைத்துக்கொண்டிருக்க, அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஒனக்குத்தான் வாய் காது வரைக்கும் இருக்கே. சனிக்கிழமை பின்னேரம் வந்து எங்களப் பயமுறுத்து."

"நெசமாவாக்கா?"

"நெசமா. நாங்க ஜெபம், நீ கூட்டம்."

எங்கள் போதகரின் பிளேன்டீயில் உப்புப் போட்டவள், அவருடைய நீண்ட பிரசங்கங்களுக்காக அவருக்குப் 'போதும்கர்' என்று பெயர் வைத்தவள் நான். என்னை நம்பி ஒருவர் வேலை கொடுத்தது அதுதான் முதல் தடவை. தகரத்தைத் தட்டிக்கொண்டு உள்ளே பாய்ந்து, "யாரக் கேட்டு இங்க பாடுறீங்க? பதிவு இருக்கா? சோத்துக்கு மதம் மாறின கூட்டம்!" என்று கத்துவேன். முதல் சனிக்கிழமை பிலோமினா ஆயா நிஜமாகவே அழுதுவிட்டார். நாலாவது சனிக்கிழமை, "சத்தம் பத்தல புள்ள" என்றார்.

அக்காவின் ஏற்பாடு சின்னது. பிள்ளைகள் பின் ஜன்னல் வழியாக அடுத்த காம்பரா வீட்டுக்குப் போகவேண்டும். அங்கே காளியம்மா சித்தி இருப்பார். அவர் வீட்டில் முருகன் படம், வாசலில் விபூதித் தட்டு. "என் வீட்டுக்குள்ள வந்து புள்ளைங்களத் தொடட்டும் பாக்கலாம்" என்றவர். பெரியவர்கள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட வேண்டும். யாரும் கை ஓங்கக்கூடாது. ஒரே ஒருவர்தான் பேசவேண்டும். அது சாமுவேல் மாமா.

எனக்குப் பொறுக்கவில்லை. "மாமா வாயத் தொறக்கவே அஞ்சு நிமிஷம் ஆகுமே?"

"அதுக்குத்தான் அவரு. அதுக்குள்ள வந்தவனுக்குச் சூடு ஆறிடும்."

"நான் பேசினா?"

அக்கா சிரிக்கவில்லை. மொனராகலையில் அவருடைய தம்பி அன்று ஒரு பதில் சொன்னானாம். அருமையான பதில். கூட்டத்தில் இருந்தவர்களே சிரித்துவிட்டார்களாம். யாரைப் பார்த்துச் சிரித்தார்களோ அந்த ஆள் கையில் பொல்லுத் தடி இருந்திருக்கிறது.

"என்ன பதில்க்கா சொன்னாரு?"

"அது மறந்துபோச்சுடி. அவன் முழங்கை மடங்காதது மட்டும் மறக்கல."

பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. நீங்கள் பலர் அங்கே இருந்தீர்கள். பாட்டு நடந்துகொண்டிருந்தது, நானும் உள்ளேதான் பாடிக்கொண்டிருந்தேன். கதவு படீரென்று திறந்தது. எங்கள் தோட்டத்து ஆட்கள் சிலரும் வேனில் வந்த வேறு சிலரும் நின்றார்கள். முன்னால் நின்ற தொப்பிக்காரர், "யாரக் கேட்டு இங்க பாடுறீங்க?" என்றார். அச்சு அசலாக என் வசனம். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்! நான் ஆள் பிடித்து வந்து காட்டும் புது வேடிக்கை என்று நினைத்துவிட்டார்கள். பிலோமினா ஆயா, "தம்பி, நம்ம புள்ள இதவிட நல்லா செய்வா" என்று அவரிடமே சொன்னார்.

அவருடைய முகம் கறுத்ததை நான் பார்த்தேன். கூரைத் தகரத்தில் முதல் கல் விழுந்தது. அப்போதும் இரண்டு பேர் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

"இது ஒத்திகை இல்ல" என்றார் அக்கா. கத்தவில்லை. "பிள்ளைங்க, ஜன்னல்."

பிள்ளைகள் போனார்கள். நாங்கள் உட்கார்ந்தோம். சாமுவேல் மாமா மெதுவாக எழுந்து, "ஸ்டேஷன்ல வந்து பேசுறோம் தம்பி" என்று அந்த ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொன்னார். மேளத்தை உடைத்தார்கள். போதகரின் சட்டையைப் பிடித்தார்கள். "அடுத்த தடவ கூரை இருக்காது" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். யாருக்கும் எலும்பு உடையவில்லை.

அக்காவைத் தேடிப் பின்பக்கம் போனேன். பீலித் தண்ணீர் விழும் இடத்தில் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். கை நடுங்கியதில் தண்ணீரைக்கூட ஏந்த முடியவில்லை. நான் ஏந்திக் கொடுத்தேன்.

"ஒங்களுக்குப் பயமே இல்லன்னு நெனச்சேன்க்கா."

"பயம் போறதுக்கு இல்லடி ஒத்திகை. பயத்தோட கை கால் வேல செய்யறதுக்கு."

அந்த வாக்கியத்தை நினைத்துக்கொண்டுதான் மயானத்தைப் பார்த்து அவருடைய பெட்டிக்குப் பின்னால் நடந்தேன். எதிரில் வருகிறவரை மறைக்கிற பனிமூட்டம். தேயிலை பெக்டரிக்குக் கீழே வளைவில் அவர்கள் நின்றார்கள், அதே தொப்பிக்காரர். யாரும் சொல்லாமலே பெட்டியை இறக்கி வைத்தோம். ஈரத் தார் ரோட்டில் உட்கார்ந்தோம். காளியம்மா சித்தியும் நெற்றியில் விபூதியோடு எங்கள் நடுவில் உட்கார்ந்தார். என் பல் தந்தி அடித்தது. குளிர் என்று சொன்னால் நம்பாதீர்கள்.

சாமுவேல் மாமா எழுந்தார். "எங்களுக்குப் பயமாத்தான் இருக்கு தம்பி. ஆனா இவங்கள வைக்க வேற எடம் இல்ல."

தொப்பிக்காரர் அவரை விட்டு என்னிடம் வந்தார். கையில் தேயிலைக் கட்டை. "நீதானே அந்த வாயாடி? எங்களப் போல நடிச்சுக் காட்டினியாமே. இப்ப பேசு பாப்போம்." எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன். அவருடைய செருப்பு என் விரலுக்குப் பக்கத்தில் இருந்தது. அது நகரும்வரை நான் தலை நிமிரவில்லை.

நெடுநேரம் கழித்துத் தோட்டத்துத் தலைவர் வந்து பேசி ஒரு முடிவு சொன்னார்: ஓரத்தில், தண்ணீர் ஓடும் கானுக்குப் பக்கத்தில் வைக்கலாம். பாட்டு கூடாது, சிலுவை கூடாது. அப்படியே வைத்தோம். போதகர் உதட்டை மட்டும் அசைத்து ஜெபித்தார். அவர் செய்ததிலேயே சின்ன ஜெபம் அதுதான். மண் கலைக்கப்பட்டிருக்குமோ என்று தினமும் எட்டிப் பார்க்கிறேன். இதுவரை இல்லை. வேன் சத்தம் கேட்டால் இன்னும் நான் கதவைப் பார்க்கிறேன். பிள்ளைகள் ஜன்னலைப் பார்க்கிறார்கள்.

அக்காவிடமிருந்து எனக்கு மிச்சம் இருப்பது சொல்லாமல் விட்ட ஒரு பதில். வளைவில் அந்த ஆள் என்னைப் பேசச் சொன்னபோது நாக்கு நுனிக்கு வந்தது. நல்ல பதில், அவர் கூட வந்தவர்களே சிரித்திருப்பார்கள். அதை நான் விழுங்கினேன். என் தங்கை கெஞ்சிக் கேட்டும் சொல்லவில்லை. உங்களுக்கும் சொல்ல மாட்டேன்.