தேர் திரும்பும் முனை

ஐரோப்பிய நகரங்களின் பரோக் பாணிச் சதுக்கங்களைக் கல்லூரியில் படித்ததிலிருந்து, நடுவில் நீரூற்று இல்லாத திறந்தவெளி எனக்குக் குறையாகவே தெரியும். சிதம்பரம் கீழவீதியை அழகுபடுத்தும் வரைபடத்தை அன்று மாலைக்குள் நகராட்சியில் கொடுக்க வேண்டும். வீதிமுனையில் நின்று, அங்கே வட்டமாக ஒரு நீரூற்றை வரைந்துகொண்டிருந்தேன்.

அந்த முனையில் பூ விற்கும் அக்கா எட்டிப் பார்த்தார். "என்னாம்மா இது?"

"நீரூற்று, அக்கா. நீங்க வேற எடம் பாக்கணும்."

"நான் கூடைய தூக்கிட்டுப் போயிடுவேன். தேரு எங்க போவும்? அதுல குளிச்சிட்டுத் திரும்புமா?"

பக்கத்துக் கடைக்காரர்கள் சிரித்தார்கள். நான் நிமிர்ந்தேன். வெயிலில் வெறுமையாகக் கிடந்த அந்த முனையில், வடம் இழுபட, மாடிகளைத் தாண்டிய உயரத்தில் ஒரு தேர் அசைந்து அசைந்து திரும்புவதுபோல் இருந்தது. அதற்கு அந்த வெறுமை முழுவதும் தேவைப்பட்டது.

நீரூற்றை அழித்தேன். அகலம், சரிவு, வடிகால் என்று எல்லாவற்றையும் குறித்திருந்த நான், அந்த இடம் எதற்காகக் காத்திருக்கிறது என்று மட்டும் யாரையும் கேட்டிருக்கவில்லை.