கூப்பிடாமல் வந்தவன்

இதைக் கதை என்று நினைத்தால் இப்போதே பக்கத்தைப் புரட்டிவிடுங்கள். பேய் பிசாசில் எனக்கு நம்பிக்கை இருந்ததில்லை, இன்றைக்கும் இருக்கிறதென்று சொல்ல மாட்டேன். ஆனால் அன்று சான் மார்சியாலில் என்னோடு வாசித்தவர்களில் யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள். நபோர் மட்டும் சொல்ல மாட்டான். அவன் அந்த ஊர்ப் பெயரை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறான்.

என் பெயர் திபுர்சியோ. ஹலாப்பாவில் எங்களுக்கு ஒரு தாளக்குழு இருந்தது. ஆறு பேர், ஆறு மரிம்பா. மரக்கட்டைகளை வரிசையாக அடுக்கிய வாத்தியம், குச்சியால் தட்ட வேண்டும். கல்யாணத்தில் ஆட வைக்கிற மரிம்பா என்று நினைக்காதீர்கள். எங்கள் வாசிப்பைக் கேட்டு என் அம்மாவே கொட்டாவி விட்டிருக்கிறாள்.

பன்னிரண்டு தட்டு கொண்ட ஒரு சின்ன இசைத் துண்டு. அதையே எல்லோரும் திரும்பத் திரும்ப வாசிப்போம். ஒருவர் மட்டும் நூலளவு வேகம் கூட்டுவார். தட்டுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகும். அப்போது யாருமே வாசிக்காத ஒரு சத்தம் நடுவிலிருந்து கிளம்பி வரும். யார் அது என்று தேடினால் ஒருவரும் இருக்க மாட்டார்கள், எல்லாம் காது செய்கிற வேலை. குழுவுக்குள் அதற்கு 'கூப்பிடாமல் வந்தவன்' என்று பெயர். அவன் வந்துவிட்டால் விட மாட்டோம். அவன் தட்டுகிற இடத்திலேயே நாங்களும் அழுத்தித் தட்டி அவனைப் பெரிதாக்குவோம். அதில்தான் ருசியே இருக்கிறது.

எத்தனை தடவை வாசிப்பது என்று கணக்கெல்லாம் கிடையாது. நடு மரிம்பாவில் நிற்கும் மாஸ்டர் ஒரு முறை தலையாட்டினால் அடுத்த துண்டு. இரண்டு முறை ஆட்டினால் முடிவு. அதுவரை கை ஒடிந்தாலும் அதே பன்னிரண்டுதான்.

மாஸ்டர் எவரிஸ்தோவுக்கு ஆகஸ்டில் நெஞ்சுவலி வந்தது, பிழைத்தார். இனி வாசிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவர் கேட்கவில்லை. குழுவிலேயே இருந்த அவர் மனைவி மக்தாலியா சண்டை போட்டு ஒரு முடிவுக்குக் கொண்டுவந்தார். ஜனவரிப் பயணத்தோடு நிறுத்திவிட வேண்டும். சான் மார்சியால்தான் கடைசி ஊர்.

மூன்று நாளில் மூன்றாவது ஊர் அது. ஏற்று, இறக்கு, வாசி, மறுபடி ஏற்று. வடக்குக் காற்றும், சிப்பிசிப்பி என்று நாங்கள் சொல்லும் பொடிச் சாரலும் விடவே இல்லை. என் வலது மணிக்கட்டு வீங்கிக் கிடந்தது. மதியம் தமாலே என்கிற சோளக் கொழுக்கட்டையின் மடலைப் பிரிக்கக்கூட இடது கையைத்தான் பயன்படுத்தினேன். வீட்டுக்குப் போய்ப் படுத்தால் போதும் என்பதைத் தவிர மனதில் வேறு எதுவும் இல்லை.

ஊருக்கு வெளியே பழைய காப்பித் தோட்டம். கொட்டை காயப்போடும் சிமெண்டுக் களத்தில் வாசிப்பு. ஐந்து மரிம்பாக்களைக் களத்தின் ஓரங்களில் தள்ளித் தள்ளி வைத்தோம். நடுவில் மாஸ்டர். ஊர்க்காரர்கள் அவருக்குப் பக்கத்தில் தார்ப்பாய்க்கு அடியில் உட்கார்ந்தார்கள். எங்கள் வண்டி களத்தை ஒட்டிய கிடங்குக்குப் பின்னால் நின்றது.

தொடங்குவதற்கு முன் மக்தாலியா அவருடைய கறுப்புச் சட்டைக்குப் பொத்தான் போட்டுவிட்டார்.

"நெஞ்சுல ஏதாச்சும் பண்ணுச்சுன்னா வீம்பு பிடிக்காம நிறுத்திடணும்."

"ரெண்டு ஆட்டு ஆட்டிட்டுப் போய்ப் படுத்துக்கறேன். போதுமா?"

"மாத்திரை எங்க?"

"வண்டியில இருக்கு. நீ போய் உன் இடத்துல நில்லு, மக்தா."

எனக்கு அடுத்த மரிம்பாவிலிருந்து நபோர் குரல் கொடுத்தான். "சீக்கிரம் ஆட்டுங்க மாஸ்டர். இந்த திபுர்சியோ கை கழண்டு விழுந்துரும், அப்புறம் யார் பொறுக்குறது?" மாஸ்டர் சிரித்தார். நானும் சிரித்தேன், வேறு வழி இல்லை.

சரியாக ஐந்து மணிக்கு ஆரம்பித்தோம். கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கட்டைகளின் ஓரத்தில் வைப்பது என் வழக்கம். அதனால் நேரம் எனக்கு நன்றாகத் தெரியும்.

5.20. காப்பிச் செடிகளுக்கு மேலிருந்து மூடுபனி இறங்கியது. பத்து நிமிடத்தில் களம் வெள்ளையாகிவிட்டது. நபோரின் தலை மட்டும் தெரிந்தது. நடுவில் மாஸ்டர் ஒரு கறுப்பு நிழலாக நின்றார்.

5.32. நடு மரிம்பா நின்றது.

நான் பதறவில்லை. கை வலித்தால் நாலு சுற்று விட்டுவிட்டுச் சேர்ந்துகொள்வது எல்லோரும் செய்கிறதுதான். கொஞ்ச நேரத்தில் மறுபடி தொடங்கியது. அதுவும் எப்படி... ஆகஸ்டுக்குப் பிறகு மாஸ்டரின் இடது கை எப்போதுமே மயிரிழை தாமதிக்கும். இப்போது தாமதமே இல்லை. மனுஷனுக்கு ஓய்வு கிடைத்தது நல்லதாய்ப் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு தலையாட்டினார்.

மாஸ்டர் தலையாட்டினால் கோழி கொத்துகிற மாதிரி இருக்கும். வெடுக்கென்று ஒன்று. இது அப்படி இல்லை. மெதுவாக... மோவாய் நெஞ்சைத் தொடும் வரை... கொஞ்ச நேரம் அப்படியே இருந்து... பிறகு நிமிர்ந்தது.

சோர்ந்திருக்கிறார் என்று விட்டுவிட்டேன். அடுத்த துண்டுக்குப் போனோம்.

அப்போதுதான் கூப்பிடாமல் வந்தவன் வந்தான்.

டக்... டக்... டக் டக்...

சன்னமான சத்தம். எங்கள் கட்டைகளில் பிறக்கிற சத்தம் மரம் மாதிரி இருக்க வேண்டும். இது தகரம் மாதிரி இருந்தது. ஆனால் களைத்த காதுக்கு எது மரம், எது தகரம்? அழகாக இருந்தது. நான் அவன் தட்டுகிற இடத்தில் அழுத்தினேன். நபோரும் அழுத்தினான். சுற்றிலும் ஐந்து பேரும் பிடித்துக்கொண்டோம். மூன்று நாளில் அதுதான் எங்கள் ஆக நல்ல வாசிப்பு.

டக்... டக்... டக் டக்...

5.50. வழக்கமாக முடியும் நேரம். முடியவில்லை. ஒரே ஒரு தலையாட்டு. அடுத்த துண்டு.

மணிக்கட்டில் நெருப்பு வைத்த மாதிரி எரிந்தது. நிறுத்துங்கள் மாஸ்டர் என்று மனதுக்குள் கெஞ்சினேன்.

6.00. மறுபடி ஒன்றே ஒன்று.

எல்லோரும் நிழலையே பார்த்தோம். நிழல் அசையாமல் வாசித்தது.

டக்... டக்...

டக்...

இடைவெளி கூடியது.

6.11.

தலை தாழ்ந்தது. நிமிர்ந்தது. இரண்டாவது முறை தாழ்ந்தது.

நிறுத்தினோம்.

எல்லாச் சத்தமும் அடங்கியது. ஒன்றைத் தவிர.

டக்...

டக்...

அப்புறம் அதுவும் இல்லை.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒன்றையே தட்டினால் காதுக்குள் சத்தம் தங்கிவிடும். அப்படித்தான் நினைத்தேன். தார்ப்பாய்க்கு அடியிலிருந்து கைதட்டல் வந்தது. நபோர் தோள்களை உதறிக்கொண்டே, மாஸ்டர் இன்றைக்குக் கலக்கிவிட்டார் என்றான்.

நடு மரிம்பாவில் யாரும் இல்லை. குச்சிகள் கட்டைகள் மேல் ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தன.

மக்தாலியாதான் முதலில் கிடங்குப் பக்கம் ஓடினார்.

மாஸ்டர் வண்டிக் கதவில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். உடம்பில் சூடு இருந்தது, உயிர் இல்லை. வண்டி பூட்டியிருந்தது. ஏற்றி இறக்கும் நாட்களில் பூட்டுவது நபோரின் வேலை. சாவி அவன் பையில் இருந்தது.

ஊர் மருத்துவமனை டாக்டர் வயதில் சின்னவர். மாஸ்டரின் வலது கையைத் தூக்கி எங்களுக்குக் காட்டினார். விரல் முட்டிகளில் தோல் உரிந்து ரத்தம் உறைந்திருந்தது.

"ரொம்ப நேரம் எதையோ தட்டியிருக்காரு. உயிர் போனது ஆறுக்கு மேலதான். அதுக்குள்ள யாராச்சும் போய் மாத்திரையைக் கொடுத்திருந்தீங்கன்னா..." என்று இழுத்தார்.

நபோர் சுவரோரமாக உட்கார்ந்துவிட்டான். மக்தாலியா அழவில்லை. ஐந்தரைக்கு மேல் நாங்கள் கேட்ட நடு மரிம்பாவை யார் வாசித்தார்கள் என்று நாங்கள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளவும் இல்லை. கேட்கப் பயமாக இருந்தது.

ஹலாப்பாவில் ஒன்பதாம் நாள் ஜெபம் நடந்தது. சான் மார்சியால் களத்தைப் பார்த்துக்கொள்ளும் எவுலோகியா அம்மா பேருந்து பிடித்து வந்திருந்தார், கையில் ஒரு பை காப்பிக் கொட்டையோடு. வாசிப்பு நடந்தபோது முதல் வரிசையில் இருந்தவர். நான் காப்பி கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தார்.

"அந்த இன்னொருத்தர் வரலையா, தம்பி?"

"எந்த இன்னொருத்தர்?"

"மாஸ்டருக்கு முடியாமப் போனப்ப வந்து வாசிச்சாரே, அவர்தான். மாஸ்டர் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உங்க பக்கம் தலையைத் தூக்கினாரு. அதுக்குள்ள அவர் பின்னாடி வந்து குச்சியை வாங்கிக்கிட்டாரு. தோளைத் தட்டி, நீங்க போங்கன்னு அனுப்பி வெச்சாரு. உங்களை மாதிரியே கறுப்பு உடுப்பு. சொட்டச் சொட்ட நனைஞ்சிருந்தாரு. உங்க ஆளுன்னுதான் நாங்க எல்லாரும் நெனச்சோம்."

மக்தாலியா எனக்குப் பின்னால் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை.

"முடிச்சுட்டு அவர் எந்தப் பக்கம் போனாரு?" என்று கேட்டார்.

எவுலோகியா அம்மா சாதாரணமாகத்தான் சொன்னார்.

"உங்க வண்டிப் பக்கம். ஒரு அவசரமும் இல்லாம நடந்து போனாரு. அங்க ரொம்ப நேரமா ஏதோ தட்டுற சத்தம் கேட்டுச்சு பாருங்க... அவர் போன பிறகுதான் நின்னுச்சு."