அரபியில் வந்த பில்

வெளிநாடுகளுக்கு விற்கப்போகும் ஒரு பில் மென்பொருளுக்குப் பல மொழிகளையும் நாணயங்களையும் பழக்கிக்கொண்டிருந்தார் இந்த இன்ஜினியர். சோதனைக்களம், வீடுகளுக்கு இணைப்பு கொடுக்கும் எங்கள் ஏற்காட்டு இன்டர்நெட் ஆபீஸ். அதன் தமிழைத் திருத்த என்னை அழைத்திருந்தார்கள். அந்தக் கூலிக்கு வேறு எழுத்தாளர் கிடைக்கவில்லை.

கழுத்தில் மப்ளர், முகத்தில் கம்ப்யூட்டர் வெளிச்சம். யாராவது பேச வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். ஆள் போனபிறகு மாட்டிக்கொண்டு திரையைப் பார்ப்பார்.

ஒரு நாள் கொட்டச்சேடு கிராமத்து விவசாயி ஒருவர் வந்து போனை நீட்டினார். இவர் செய்த சோதனையில் அவருடைய பில் அரபியில், தினார் கணக்கில் போயிருந்தது. புரியாததால் அவர் கட்டவில்லை. மென்பொருள் லைனைத் துண்டித்துவிட்டது.

"ஏனுங்க, மத்தியானம் எம் பொண்ணுக்கு வேலைக்கு இன்டர்வியூங்க. ஊட்டுல நெட்டே இல்லீங்க."

இவர் கண்ணாடியைத் துடைத்தார். "இதை வலது பக்கத்துலேர்ந்து படிக்கணும்."

"படிச்சு என்னங்க பண்றது? லைனு வருமுங்களா?"

இவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனை வாங்கினார். "ஒரு எழுத்துகூட உடையல பாத்தீங்களா?" என்றார், என்னிடம்.

கவுன்ட்டரில் இருந்த பெண்தான் இவருடைய கீபோர்டை எட்டித் தட்டி லைனைத் திறந்துவிட்டாள். "வந்துருச்சுங்கண்ணா, போங்க."

"போனைக் குடுங்க சாமி, பொண்ணுக்குச் சொல்லோணும்" என்று விவசாயி கை நீட்டி நின்றார். இவர் அந்தப் பில்லைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

அப்போது இவர் முகத்தில் இருந்த பூரிப்பை வேறு எந்த முகத்திலும் நான் பார்த்ததில்லை. என் முதல் புத்தகம் அச்சாகி வந்தபோது எனக்கும் ஏறக்குறைய அதே முகம்தான் இருந்திருக்கும். ஆனால் அதனால் யார் வீட்டு லைனும் துண்டிக்கப்படவில்லை.