நவச்சாரம் போட்ட வோட்கா

வேதியியலில் பட்டம் வாங்கியும் ஜெயசீலனுக்குக் கிடைத்தது துபாய் அல் கூஸில் ஒரு ஏசி ரிப்பேர் கடை வேலைதான். அங்கிருந்த பின்லாந்து இன்ஜினியர் யூக்கா ஊருக்குத் திரும்பும்போது ஒரு பை கறுப்பு மிட்டாயும் ஒரு வோட்கா பாட்டிலும் கொடுத்தார். மிட்டாயைப் பொடித்து வோட்காவில் போட்டுக் குலுக்கி, ஒரு நாள் வைத்தால் போதுமாம். அவர்கள் ஊரில் பேர்போன சரக்கு. அதிமதுரமும் உப்பும் கலந்த மிட்டாய். உறையில் அம்மோனியம் குளோரைடு என்று போட்டிருந்தது. அது நவச்சாரம் என்று படித்தவனுக்குத் தெரியாதா?

அஜ்மானில் அவன் தங்கியிருந்த ரூமில் பாதி மிட்டாயை ஆளாளுக்குத் தின்று தீர்த்திருந்தார்கள். மிச்சத்தைப் போட்டுக் குலுக்கினான். நிறம் கறுத்தது, உப்பு ஏறவில்லை. சால்டரிங் இரும்பைத் துடைக்கக் கடையில் வைத்திருந்த நவச்சாரத்தில் ஒரு பொட்டலம் கொண்டுவந்து, ஒரு கரண்டி சேர்த்தான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூடியைத் திறந்ததும் நெடி முகத்தில் அடித்தது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் அப்பாவின் சட்டையில் வீசிய அதே கள்ளச்சாராய நெடி. உச்சி வெயிலில் உட்கார்ந்துகொண்டு, "யாருடா விளக்க அணைச்சது?" என்று கேட்டவர் மறுநாள் இல்லை.

அவன் தன்னிலைக்கு வருவதற்குள் கூடத் தங்கியிருந்த ரெங்கராஜ் அரை கிளாஸை விழுங்கியிருந்தார்.

"தார் ரோட்ட நக்குன மாதிரி இருக்குடா, சயின்டிஸ்ட்டு!"

ஜெயசீலன் கிளாஸைத் தட்டிவிட்டான். "கடை நவச்சாரம் போட்டுட்டேண்ணே!"

ரெங்கராஜின் சிரிப்பு நின்றது. அவர் ஊரிலும் சாராயச் சாவு உண்டு.

"கண்ணு தெரியுதா? அந்தச் செவுத்துக் காலண்டர படிங்கண்ணே."

படித்தார். சற்று நேரம் கழித்து மறுபடி படிக்கச் சொன்னான். கண்ணைப் பறிப்பது மெத்தனால், நவச்சாரம் இல்லை. பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன் அவன். ஆனாலும் ஒவ்வொரு முறையும், பதிலுக்காகத் தன் முதுகுக்குப் பின்னால் அப்பாவும் காத்திருப்பதுபோல் இருந்தது. அந்தப் பொட்டலத்தில் வேறென்ன கலந்திருந்ததென்று பட்டமா சொல்லும்?

"வயிறு எரியுதுடா" என்றார் ரெங்கராஜ்.

"ஆஸ்பத்திரிக்குப் போலாம், எழுந்திரிங்க."

"போயி? குடிச்சது தெரிஞ்சா விசாவ முடிச்சி ஊருக்கு அனுப்பிடுவானுங்க. கேட்டா என்னத்த சொல்லுவ?"

ஜெயசீலன் டாக்டரிடம் காட்டப் பாட்டிலையும் மிச்சப் பொட்டலத்தையும் பையில் போட்டுக்கொண்டான்.

"கலந்தது நான்தான்னு சொல்லுவேன். செருப்பப் போடுங்கண்ணே."