ஒழுகும் சன்ரூஃபுக்குக் கீழே ஒரு மாப்பிள்ளை

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. என் காரின் சன்ரூஃப் ஒழுகியதும் நான் செய்த முதல் வைத்தியம், கண்ணாடியைச் சுற்றி இரண்டு டியூப் சிலிக்கன் பூசியது. கேக்குக்கு ஐசிங் போட்ட மாதிரி... அழகாகவே பூசினேன். அடுத்த மழையிலும் ஒழுகியது. போதாக்குறைக்கு, சன்ரூஃப் திறக்கவும் மறுத்தது.

அப்படியே விட்டிருப்பேன். ஆனால் என் ராத்தாவின், மூத்த அக்காவின், மகனுக்கு வெள்ளிக்கிழமை நிக்காஹ். மாப்பிள்ளை கார் என்னுடையது — வாயைக் கொடுத்து நானே ஏற்றுக்கொண்டது. மாரி மழையோ விட்டபாடில்லை.

ராத்தா வந்து சீட்டைத் தடவிப் பார்த்தார். ஈரம்.

"தம்பி, அவன்ட வெள்ள உடுப்புல ஊத்தத் தண்ணி சொட்டிச்செண்டா பொண்ணு ஊட்டுல என்ன கதைப்பாங்க? நான் வேற கார் பாக்கவா?"

வேற காரா! ஒரு மனிதன் தாங்கக்கூடிய சொல்லா அது?

அன்று பகலே சிலிக்கனைச் சுரண்டி, சன்ரூஃபைத் திறந்து, முதன்முறையாகக் கண்ணாடிக்குக் கீழே பார்த்தேன். சுற்றிலும் ஒரு பீலி, கூரைத் தண்ணீர் ஓடுகிற தகர வாய்க்கால் மாதிரி! நான்கு மூலையிலும் ஒவ்வொரு துளை. அதாவது, கண்ணாடியைத் தாண்டித் தண்ணீர் வரும் என்பது காரைச் செய்தவனுக்கே தெரியும். வந்த தண்ணீர் துளை வழியே குழாயில் இறங்கி, டயருக்கு அருகே வெளியேற வேண்டும். அவ்வளவுதான். வருவதைத் தடுப்பதல்ல, போக வழி விடுவதுதான் கெட்டித்தனம். எங்கள் ஊர் வடிகான்களுக்கும் இதை யாராவது சொன்னால் நல்லது.

ஒரு கோப்பைத் தண்ணீர் ஊற்றினேன். மூன்று மூலையில் இறங்கியது. முன் இடது மூலையில்... அசையவில்லை. நிழலுக்காக நான் கார் நிறுத்தும் வேம்பு, தன் பூவையும் சருகையும் அதற்குள் அடைத்து வைத்திருந்தது.

கம்பி விட்டால் குழாய் கிழியும். மீன் பிடிக்கிற தடித்த தங்கூசி நூலை மெல்ல மெல்ல விட்டேன். சட்டென்று வழி விட்டது. டயரருகே கறுத்த தண்ணீர் கொட்டிய சத்தம் இருக்கிறதே... மடை திறந்து வயலில் தண்ணீர் பாயக் கண்ட வயற்காரப் போடியாரின் நெஞ்சு எனக்கு!

வெள்ளிக்கிழமை மழை என்னை ஏமாற்றவில்லை. கொட்டியது. சொட்டுச் சத்தம் கேட்கிறதா என்று அறிய, ஏசியையும் அணைத்துவிட்டு, காதைத் தீட்டிக்கொண்டு மருதமுனை வரை ஓட்டினேன். ஒன்றுகூட இல்லை!

பெண் வீட்டு வாசலில், சனத்துக்கு முன்னால், உரக்கவே கேட்டேன்:

"மருமகன், ஒரு சொட்டுப் பட்டிச்சா?"

"இல்ல மாமா, மழ படல்ல," என்றான் மாப்பிள்ளை, சட்டையை முதுகிலிருந்து பிரித்தெடுத்தபடி. "வேர்வையிலதான் தெப்பமா நனைஞ்சிட்டன்."